வழுக்கையாற்றின் பழைய ஓரங்குலத் தாள்: பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

வலிகாமத்துப் பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம். அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் கடந்து அராலியில் கடலேரியைச் சேரும் வழுக்கையாறு மாரியில் மட்டுமே ஓடும். கோடையில் வந்து பார்த்து வடிகால் திட்டம் போட்டால் வெள்ளத்தின் வழி தெரியாது. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலத் தாளை (ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் வரைபடத்தை) முறையாகக் கணினியில் ஏற்றிய பிறகே வாய்க்கால் வேலைகளுக்கு மதிப்பீடு தயாரியுங்கள்.

தாளைக் கைபேசியில் எடுத்த படம் உதவாது. 1:63,360 அளவுத்திட்டத்தில் தாளின் 1 மில்லிமீற்றர், தரையில் 63 மீற்றர். அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் ஒரு புள்ளி ஏறத்தாழ 2.7 மீற்றர். துணியில் ஒட்டி மடித்த பிரதி என்றால் துண்டுகளுக்கிடையே உள்ள 2 மில்லிமீற்றர் இடைவெளி, தரையில் இல்லாத 127 மீற்றரை நுழைத்துவிடும்; ஒவ்வொரு துண்டையும் தரையில் அதற்குரிய இடத்தோடு தனியே பொருத்த வேண்டும்.

பொருத்துவதற்குத் தாளில் குறுக்கும் நெடுக்குமாக அச்சிட்ட கட்டக்கோடுகள் வெட்டும் புள்ளிகளையே எடுங்கள். பழைய கோயில், தேவாலயம், சந்தி ஆகியவற்றைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். கடலேரிக் கரை வேண்டாம், அது இடம் மாறும். கந்தவல ஆதாரத்தில் (இலங்கை வரைபடங்களில் இடங்களைக் கணிக்கப் பயன்பட்ட பழைய அடிப்படையில்) கணித்த தாளை மாற்றாமல் இன்றைய செய்மதிப் படத்தின் மேல் போட்டால் யாழ்ப்பாணத்தில் 200 மீற்றருக்கு மேல் விலகும். அந்த விலகலை மறைக்கப் படத்தை இழுத்து வளைப்பதுதான் மிகப் பெரிய தவறு: குளம் பொருந்தியதுபோல் இருக்கும், பக்கத்து வயல் கோணிப்போயிருக்கும்.

எங்கள் தரை தட்டை. தாளில் 100 அடிக்கு ஒன்றாக வரும் சமவுயரக்கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) இங்கே எதையும் சொல்லாது. குளங்களின் தொடர்தான் சரிவைக் காட்டும். செய்மதிப் படத்தையும் மாரி முடிந்த கையோடு எடுத்ததாகத் தேர்ந்தால் குளங்களை ஒப்பிடலாம். தாளில் வாய்க்கால் இல்லையென்று தரையிலும் இல்லையெனத் தீர்மானிக்காதீர்கள், சிறியவை வரையப்படுவதில்லை.

காணி எல்லைத் தகராறுக்கு இந்தத் தாளை எடுக்கவே கூடாது. ஒரு பரப்புக் (யாழ்ப்பாணத்து நில அளவு) காணியின் பக்கம் இதில் கால் மில்லிமீற்றர்தான். கோட்டின் தடிப்பே அதை விழுங்கிவிடும்.

திருத்தாத ஸ்கேன், பொருத்திய கோப்பு, தாளின் ஆண்டு, பொருத்திய புள்ளிகளின் பட்டியல் நான்கையும் ஒவ்வொரு சபையிலும் யாழ். பொது நூலகத்திலும் வையுங்கள். 1981இல் அந்த நூலகம் எரிந்த ஊரில் ஒரே பிரதியை ஒரே அலுமாரியில் வைப்பதை எங்களால் ஏற்க முடியாது.

இப்படிக்கு,
வரைபட வேலை செய்வோர்,
யாழ்ப்பாணம்