சொன்னது எங்கே போய் நின்றது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்சாலை விபத்துச் செய்திகளில் இரண்டு வாக்கியங்கள் அடிக்கடி வருகின்றன. "நாங்க அப்பவே சொன்னோம்" என்பார்கள் தொழிலாளர்கள். "எங்கள் கவனத்துக்கு வரவில்லை" என்று சொல்லும் நிர்வாகம். இரண்டில் ஒன்று பொய் என்று படிப்பவர்கள் முடிவுகட்டி விடுகிறார்கள். பராமரிப்புப் பிரிவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற நான் சொல்கிறேன், பல நேரங்களில் இரண்டுமே உண்மைதான்.

ஒருமுறை கூலிங் வாட்டர் பம்ப் ஒன்றில், சுழலும் தண்டைத் (ஷாஃப்ட்) தாங்கும் பேரிங் சூடேறியது. இரவு ஷிப்ட் ஃபிட்டர் லாக் புக்கில் (ஷிப்ட் குறிப்பேட்டில்), "கை வைக்க முடியாத சூடு. உறுமுகிறது. இன்றே நிறுத்திப் பார்க்கணும்" என்று எழுதிவிட்டுப் போனார். காலை ஷிப்ட் இன்சார்ஜ் தயாரித்த தினசரி அறிக்கையில் அது "பேரிங் வெப்பம் சற்று அதிகம்" ஆனது. மேனேஜர் கூட்டத்துக்குப் போன தாளில் இருந்தது "பம்ப் கண்காணிப்பில் உள்ளது" என்ற ஒற்றை வரி. யாரும் பொய் எழுதவில்லை. உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் ஆளாக இருக்க யாருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான். மறுநாள் பம்ப் இறுகிப்போய் ஷாஃப்ட்டும் போனது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் விசாரணையில் அந்த ஃபிட்டரைக் கூப்பிட்டு, "இவ்வளவு முக்கியமான விஷயத்தை ஏன் அழுத்திச் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். அவர் எழுதிய பக்கம் மேஜைமேல் விரித்துக் கிடந்தது!

படித்தவர்கள், பெரிய நிறுவனம் என்றால் இப்படி நடக்காது என்றும் சொல்ல முடியாது. 1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலத்தின் பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள், கடும் குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக மூடாது, சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். அவர்களுடைய நிர்வாகமே அந்தப் பரிந்துரையை மாற்றியது. மறுநாள் கிளம்பிய 73 விநாடியில் விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். ஏவலாம் என்று இறுதி முடிவெடுத்தவர்களுக்கு முந்தின இரவு எதிர்ப்பு இருந்ததே தெரியாது என்று விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் பதிவு செய்தது.

இப்போது பல நிறுவனங்களில் வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. ஒருவர் பழுதைப் போட்டோ எடுத்துப் போடுகிறார், கீழே கட்டைவிரல்கள் வரிசையாக விழுகின்றன. பார்த்தாகிவிட்டது, சரி. அப்புறம் யார் போனார்கள், என்ன செய்தார்கள்? அந்தப் பதில் வருவதில்லை. இரண்டு மூன்று முறை பதில் வராமல் போனால் சொன்னவர் அடுத்த முறை போட்டோ எடுக்க மாட்டார். ஆளுக்கு அக்கறை இல்லை என்று மேலே இருப்பவர்கள் குறைப்படுவது அதற்குப் பிறகுதான்.

டொயோட்டா ஆலைகளில் கோளாறைக் கண்ட தொழிலாளி தலைக்கு மேலே உள்ள கயிற்றை இழுக்கலாம். இழுத்ததும் குழுத் தலைவர் அவர் நிற்கும் இடத்துக்கே வருகிறார். சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். கயிற்றைவிட, அந்த ஆள் நேரில் வருகிறாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நம் இடங்களில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஃபிட்டர் எழுதிய வரி, ஒரு சொல்லும் மாறாமல் கூட்டத்துக்குப் போகட்டும். முடிவெடுத்தவர் தன் பெயரைப் போட்டு, என்ன முடிவு, ஏன் என்று அதே லாக் புக்கில் அந்த வரிக்கு எதிரே எழுதட்டும். "இப்போது நிறுத்த முடியாது" என்பதுகூடப் பதில்தான்.

உங்கள் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விபத்தைப் பற்றி எழுதும்போது இரு தரப்பு வாக்கியங்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். புகார் எந்தத் தேதியில் எழுதப்பட்டது, அடுத்து யார் கைக்குப் போனது, அவர் அதை என்ன வார்த்தையில் மேலே அனுப்பினார் என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேன் ஒருவர்