பாக்கெட்டில் பட்டியல் எங்கே?

அழகுசாதனப் பொருட்களுக்கு விதி எழுதுகிற டெல்லி அதிகாரிகளுக்கு, பள்ளத்தூரில் மளிகைக்கடை வைத்திருப்பவன் எழுதுவது.

என் கடை வாசலில் ஷாம்பு பாக்கெட் சரம்சரமாகத் தொங்கும். பாட்டில் வாங்குவது, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சென்னையிலிருந்து வந்து பெரிய வீட்டைத் திறந்து நாலு நாள் தங்கிப் போகிறவர்கள்தான்; ஊரில் இருக்கிற எங்களுக்கெல்லாம் பாக்கெட். போன மாதம் ஓர் ஆச்சி வந்தார். தலைக்கு ஊற்றியதிலிருந்து கழுத்தோரம் தடித்து அரிக்கிறதாம், ஷாம்புவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்து வரச்சொன்னாராம் டாக்டர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நானும் பார்த்தேன். விலை, தேதி, முகவரி, கூந்தலை விரித்துச் சிரிக்கிற ஒரு பெண். சேர்மானம் ஒன்றுகூட இல்லை.

கம்பெனிதான் மறைக்கிறது என்று நினைத்தேன். காரைக்குடியில் வேதியியல் படிக்கிற என் மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள், விதியே அப்படித்தானாம். 2020 விதிகளில், 1 சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அதிகமானது முதலில் வரும்படி அச்சிட வேண்டும், மற்றவை பின்னால் எந்த வரிசையிலும் வரலாம் என்று நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதோடு விட்டிருக்கலாம். 60 மில்லிக்குக் குறைந்ததற்கு இது வேண்டாம் என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டீர்கள். பாக்கெட்டில் இருப்பதோ ஆறேழு மில்லி!

சரி என்று அதே கம்பெனி பாட்டிலை எடுத்து மகள் வாசித்தாள் (இரண்டிலும் ஒரே சரக்குதானா, யாருக்குத் தெரியும்). தண்ணீருக்கு அடுத்து சோடியம் லாரெத் சல்பேட், நுரை வரவும் அழுக்குப் போகவும். டைமெத்திகோன் ஒரு வகை சிலிக்கோன், முடிமேல் படிந்து வழுவழுப்பாக்கும். சோடியம் குளோரைடு என்றதும் ஆச்சி முகம் மாறியது. அது நம் சோற்று உப்புதான், ஷாம்பு கெட்டியாக இருக்கப் போடுவது என்றதும் சிரித்துவிட்டார். அப்புறம் வாயில் நுழையாத கோகமிடோபுரோப்பைல் பீட்டைன். தேங்காய் எண்ணெயிலிருந்து எடுப்பதுதான், ஆனாலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கடைசியில் டிஎம்டிஎம் ஹைடன்டாயின். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது, கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மால்டிஹைடை வெளியே விடும். அது ஆகாத உடம்புக்குத் தடிப்பும் அரிப்பும் வரலாம்.

இடமில்லை என்று சொல்லாதீர்கள். தலைக்கு அடிக்கிற சாயத்துக்கு, முதலில் கொஞ்சம் தடவிச் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்தில் போட்டால் கண் பார்வை போகலாம் என்று ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியிலும் அச்சிடச் சொன்னது உங்கள் விதிதானே? பாக்கெட்டில் முடியாவிட்டால் சரத்தின் தலைப்பில் ஒரு சீட்டு வைக்கச் சொல்லுங்கள், தமிழில். கடைச் சுவரில் நானே ஒட்டிக்கொள்கிறேன்.

ஆச்சி இப்போதைக்குச் சீயக்காய்க்குத் திரும்பிவிட்டார். அந்த வெறும் பாக்கெட்டைக் கொண்டுபோய் டாக்டரிடமே கொடுத்தாராம். அவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

இப்படிக்கு,
பள்ளத்தூர் மளிகைக்கடைக்காரன்