ஹாப்ரேயின் கைதிகளுக்கு நீங்கள் வைத்திருக்கும் பாக்கி

அமெரிக்க வெளியுறவுத் துறைக்கும் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகத்துக்கும்,

வணக்கம். உங்களில் ஒருவருக்குச் சென்னையிலும் மற்றவருக்குப் புதுச்சேரியிலும் துணைத் தூதரகம் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். விஷயம் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டையும், 1982 முதல் 1990 வரை அதை ஆண்ட ஹிஸ்ஸேன் ஹாப்ரேயின் சிறைகளில் கிடந்தவர்களையும் பற்றியது.

1989 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் யூடிஏ நிறுவன விமானம் ஒன்று காங்கோவின் பிராசவில்லில் இருந்து கிளம்பி, சாட் தலைநகர் என்ஜமேனாவில் இறங்கி, அங்கிருந்து பாரிசுக்குப் புறப்பட்டது. நைஜரின் டெனெரே பாலைவனத்துக்கு மேலே குண்டு வெடித்தது. 170 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சாட்டுக்கான அமெரிக்கத் தூதரின் மனைவியும் அதில் இருந்தார். லிபியர்கள் ஆறு பேரைப் பாரிஸ் நீதிமன்றம் 1999-ல் குற்றவாளிகள் என்று அறிவித்தது. 2004-ல் லிபியாவிடம் இருந்து 17 கோடி டாலர் இழப்பீடு வாங்கப்பட்டது. 2007-ல் குடும்பத்தினர் அந்தப் பாலைவனத்திலேயே நினைவிடம் அமைத்தார்கள். மணலில் கருங்கற்களை அடுக்கி விமானத்தின் வடிவம், சுற்றிலும் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் உடைந்த கண்ணாடி, செங்குத்தாக நிறுத்திய விமானத்தின் இறக்கை. செயற்கைக்கோள் படத்தில்கூட அது தெரிகிறது.

இதில் குறை சொல்ல எனக்கு எதுவுமே இல்லை. இறந்தவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் மட்டுமல்ல, காங்கோ மக்களும் சாட் மக்களும் இருந்தார்கள். அநியாயமாகச் செத்தவர்களை இப்படித்தான் நினைக்க வேண்டும்: பெயர், எண்ணிக்கை, விசாரணை, இழப்பீடு, ஓர் இடம். நான் கேட்பதெல்லாம், அந்த விமானம் இறங்கி ஏறிய அதே ஊரில், அதே ஆண்டுகளில் செத்தவர்களைப் பற்றி.

என்ஜமேனாவில் காலனிக் காலத்து நீச்சல் குளம் ஒன்று உண்டு. பிரெஞ்சு ராணுவக் குடும்பங்கள் குளித்த இடம். ஹிஸ்ஸேன் ஹாப்ரேயின் ரகசியப் போலீசான டிடிஎஸ் அதன்மேல் கான்கிரீட் தளம் போட்டு மூடி, உள்ளே சுவர் எழுப்பிப் பத்து அறைகளாகப் பிரித்தது. சகாரா ஓரத்து வெயிலில் தரைக்கு அடியில், காற்று வராத அறைகளில் ஆட்களைத் திணித்தார்கள். யாராவது செத்தால் உடனே வெளியே எடுக்கவில்லை. உயிரோடு இருந்தவர்கள் பிணத்தோடு படுத்துக் கிடந்தார்கள். தப்பி வந்தவர்கள் இதை நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார்கள். 1984-ல் தெற்கு மக்கள், 1987-ல் ஹஜராய் இனத்தவர், விமானம் வெடித்த அதே 1989-ல் ஸகாவா இனத்தவர் என்று முறை வைத்துப் பிடித்தார்கள். அவர் ஆண்ட எட்டு ஆண்டுகளில் 40,000 பேர் வரை கொல்லப்பட்டதாக 1992-ல் சாட்டின் விசாரணை ஆணையம் மதிப்பிட்டது. டிடிஎஸ்ஸுக்குப் பணமும் பொருளும் பயிற்சியும் தந்த நாடுகளில் அமெரிக்காதான் முதலிடம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

ஹாப்ரே யார் என்று தெரியாமல் நீங்கள் உதவவில்லை. 1970-களில் பிரெஞ்சுப் பெண் ஒருவரைப் பாலைவனத்தில் பிணைக்கைதியாக வைத்திருந்து, பேச்சு நடத்தப் போன பிரெஞ்சு அதிகாரியைக் கொன்றது அவருடைய குழு. ஆனால் அவர் லிபியாவை ஆண்ட கடாபியின் எதிரி, அது போதுமானதாக இருந்தது. 1982-ல் அவர் ஆட்சியைப் பிடிக்கும் முன்பே சிஐஏவின் ரகசிய உதவி தொடங்கிவிட்டது. பிரான்ஸ் 1983-லும் 1986-லும் படையே அனுப்பியது. 1987 ஜூனில் அமெரிக்க அதிபர் ரீகன் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் கௌரவித்தார். மறு ஆண்டு, சாட்டில் போரிட்ட லிபியர்கள் விட்டுவிட்டுப் போன சோவியத் மி-24 ஹெலிகாப்டரை அமெரிக்கா சாட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனது. ஹாப்ரேயிடம் எதிர்பார்த்தது உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

1990-ல் ஹாப்ரே வீழ்ந்த பிறகு நடந்ததில் பெரும்பகுதி சாட் மக்களின் உழைப்பு. சுலைமான் கெங்கெங் என்ற கணக்காளர் இரண்டரை ஆண்டு சிறையில் கிடந்து, உயிரோடு வெளியே வந்தால் உண்மையைச் சொல்வேன் என்று கடவுளிடம் சபதம் செய்தார். வெளியே வந்து 792 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டினார். மிரட்டல் வந்தபோது அவற்றை வீட்டிலேயே ஒளித்து வைத்தார். வழக்கறிஞர் ஜாக்குலின் முதெய்னா மீது 2001-ல் கையெறி குண்டு வீசினார்கள். காலில் சில்லுகளோடு அவர் வழக்கை விடாமல் நடத்தினார். அதே ஆண்டு, கைவிடப்பட்ட டிடிஎஸ் தலைமையகத்தில் ஆயிரக்கணக்கான கோப்புகள் தரையில் சிதறிக் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அவற்றில் 12,321 பேரின் பெயர்கள். அதில் 1,208 பேர் காவலிலேயே செத்தவர்கள்.

2016 மே 30 அன்று செனகலின் டக்காரில் இந்த வழக்குக்கென்றே அமைத்த சிறப்பு ஆப்பிரிக்க நீதிமன்றம் ஹாப்ரேக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2017-ல் மேல்முறையீட்டு அமர்வு அதை உறுதி செய்து, 7,396 பேருக்கு 8,229 கோடி சிஎஃப்ஏ பிராங்க் (சாட்டின் நாணயம்) இழப்பீடு தரச் சொன்னது. விசாரணைச் செலவுக்கு நீங்கள் இருவரும் பணம் தந்தீர்கள், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் இழப்பீட்டுக்காக ஆப்பிரிக்க ஒன்றியம் அமைத்த நிதியோ ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தது. ஹாப்ரே 2021-ல் கோவிடில் இறந்தார். 2024-ல்தான் சாட் அரசு தன் கையிலிருந்து சுமார் 1,000 கோடி பிராங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியது. தலைக்குக் கணக்குப் பார்த்தால் மிகச் சிறிய தொகை. காத்திருந்தே செத்தவர்கள் பலர்.

தீர்ப்பு வந்த அன்று உங்கள் வெளியுறவுச் செயலர் ஜான் கெர்ரி, சாட்டில் நடந்தவற்றோடு அமெரிக்காவுக்கு இருந்த தொடர்பைச் சிந்தித்துப் பாடம் கற்க இது ஒரு வாய்ப்பு என்றார். நல்ல வார்த்தை. அதன் தொடர்ச்சியாக ஏதாவது நடந்ததா? ஒரு விசாரணைக் குழு, ஓர் அறிக்கை, ஒரு மன்னிப்பு? பாரிசின் கணக்கு இன்னும் நீளம். ஹாப்ரேயின் ராணுவத் தளபதியாக இருந்த இத்ரிஸ் தெபி அவரை விரட்டிவிட்டு முப்பது ஆண்டு ஆண்டார். 2019-ல் அவரை எதிர்த்து வந்த கிளர்ச்சியாளர்கள்மீது குண்டு போட்டவை பிரெஞ்சுப் போர் விமானங்கள். 2021-ல் அவர் இறந்தபோது இறுதிச் சடங்குக்குப் போன அதிபர் மக்ரோன், ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்ட மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

லிபியா ஒரு விமானத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்று நீங்கள் விடாப்பிடியாக நின்றது சரி. கொன்றவனுக்குத் துணை போன அரசும் பொறுப்பு என்பது அதே நியாயத்தில் அடங்கியதுதான். எனவே இரண்டு கேட்கிறேன். அந்த இழப்பீட்டு நிதியில் உங்கள் பங்கைக் கட்டுங்கள். பிச்சையாக வேண்டாம், கடனாகக் கட்டுங்கள். உங்கள் ஆண்டு ராணுவச் செலவில் இது கண்ணுக்கே தெரியாது. அடுத்து, 1981 முதல் 1990 வரை ஹாப்ரேயோடும் டிடிஎஸ்ஸோடும் உங்கள் உளவுத் துறைகள் வைத்திருந்த உறவு பற்றிய கோப்புகளைத் திறந்து விடுங்கள். அந்த அறைகளில் நடந்தது யாருக்கு எப்போது தெரியும், தெரிந்த பிறகும் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதை அறியும் உரிமை என்ஜமேனாவின் விதவைகளுக்கு இருக்கிறது. கோப்பைத் திறக்க நிதி ஒதுக்கீடு வேண்டாம், நாடாளுமன்ற விவாதம் வேண்டாம். முதலில் அதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்