பழனி ரோப் கார் வேறு, ஆர்லாண்டோ ரோப் கார் வேறு

சிங்கப்பூர்,
11.8.2019

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே நான் நலம். அங்கே அம்மா, அப்பா, அப்பத்தா எல்லோரும் நலந்தானே? உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. சித்தப்பா வீட்டார் அக்டோபரில் அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ போகிறார்கள், அங்கே டிஸ்னி பூங்காக்களில் புதிதாக ரோப் கார் விடப்போகிறார்களாமே, அது நம் பழனி ரோப் கார் மாதிரிதானா, அப்பத்தாவால் ஏற முடியுமா, மழை வந்தால் நடுவழியில் நின்றுவிடுமா என்றெல்லாம் கேட்டிருந்தாய். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மேலோட்டமாகப் பதில் எழுத மனம் வரவில்லை. கேபிள் கார் பராமரிப்புதான் எங்கள் பிழைப்பு என்பதால், இங்கே எல்லோரும் அந்தப் புது லைனை ஆவலோடு எதிர்பார்க்கிறோம். வெயிலும் இடியும் மிகுந்த ஊரில் பஸ் பார்க்கிற வேலையைக் கயிற்றிடம் கொடுக்கப்போகிறார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம்.

அதன் பெயர் டிஸ்னி ஸ்கைலைனர். 2017 ஜூலையில் அறிவித்தார்கள். வருகிற செப்டம்பர் 29 அன்று திறக்கிறார்கள். கட்டுவது ஆஸ்திரியாவின் டாப்பல்மேயர் நிறுவனம். இங்கே ஃபேபர் மலையிலிருந்து செந்தோசா தீவுக்குப் போகும் லைன் 2010-ல் புதுப்பிக்கப்பட்டபோது சாமான் வந்ததும் அவர்களிடமிருந்துதான். டிஸ்னிக்கு ரோப் கார் புதிதல்ல. 1971 முதல் 1999 வரை மேஜிக் கிங்டம் பூங்காவுக்குள் ஒன்று ஓடியது. ஆனால் அது வேடிக்கைச் சவாரி. இதுவோ ஹோட்டலில் தங்கியிருப்பவர்களைப் பூங்காவுக்குக் கொண்டுபோய் விடுகிற வண்டி. பஸ்ஸைப் போலவே இதற்கும் தனிக் கட்டணம் கிடையாது.

வழியைச் சித்தப்பாவுக்குத் தெளிவாகச் சொல்லிவிடு. எல்லாம் சந்திக்கும் இடம் கரீபியன் பீச் ஹோட்டல். அங்கிருந்து ஒரு லைன் ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவுக்குப் போகிறது. இன்னொன்று பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஆகிய 2 ஹோட்டல்களுக்கும் பொதுவான ஸ்டேஷனுக்கு. மூன்றாவது, ரிவியேரா ஹோட்டல் வழியாக எப்காட் பூங்காவுக்கு. பாப் செஞ்சுரியில் தங்கி எப்காட் போகிறவர்கள் கரீபியன் பீச்சில் இறங்கி லைன் மாறியே ஆக வேண்டும். எப்காட்டில் கொண்டுபோய் விடுவதும் முன்வாசலில் அல்ல, ஃபிரான்ஸ், இங்கிலாந்து அரங்குகளுக்கு நடுவே இருக்கும் பின்பக்க வாசலில். முன்வாசலில் சந்திப்போம் என்று யாரிடமாவது சொல்லிவைத்தால் பூங்காவை முழுக்க நடந்து கடக்க வேண்டியிருக்கும்.

இப்போது பழனிக்கு வருகிறேன். 1966-ல் வந்த விஞ்ச் தண்டவாளத்தில் ஏறுவது, அதை விடு. 2004-ல் வந்த ரோப் காரில் பெட்டியைக் கயிற்றோடு இறுகப் பூட்டியிருப்பார்கள். ஆள் ஏற வேண்டுமானால் கயிறே நிற்க வேண்டும். கீழே ஒரு தொகுதி நிற்கும்போது மேலே ஒரு தொகுதி நிற்கும். செங்குத்தான மலைக்கு அது போதும். ஆனால் தூரம் நீளும்போது, நின்று நின்று போகிற கயிறு கூட்டத்தைத் தாங்காது.

ஆர்லாண்டோவிலும் இங்கேயும் ரோப் நிற்பதில்லை. கேபின்தான் ரோப்பை விட்டு விலகி, ஆளை ஏற்றிக்கொண்டு, மறுபடி பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிப்பானை நாங்கள் கிரிப் என்போம். கிட்டப் போய்ப் பார்த்தால் 2 எஃகுத் தாடை, அவற்றை இறுக்கி வைக்கும் கனமான ஸ்பிரிங், ஒரு நெம்புகோல், அதன் நுனியில் சின்ன உருளை. அவ்வளவுதான். ஸ்டேஷன் வாயில் நுழைந்ததும் கேபினின் சக்கரங்கள் மேலே இருக்கும் தண்டவாளத்தில் ஏறும். அதே நேரம் உருளை ஒரு வளைந்த ரெயிலில் முட்ட, நெம்புகோல் அழுந்தி, தாடை திறந்து, ரோப்பை விட்டுவிடும். கரண்டோ சென்சாரோ இதற்குத் தேவையில்லை, ரெயிலின் வளைவே திறக்கிறது. வெளியேறும்போது அந்த ரெயில் முடிகிற இடத்தில் ஸ்பிரிங் தானே தாடையை மூடும். பிடி போதிய பலத்தோடு விழுந்திருக்கிறதா, தாடை ரோப்பின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அடுத்த சில மீட்டருக்குள் கருவி சோதிக்கும். சந்தேகம் வந்தால் கேபின் ஸ்டேஷனைத் தாண்டும் முன்பே மொத்த லைனும் நிற்கும். பயப்படுகிற அப்பத்தாவுக்கு இதை மட்டுமாவது சொல். ஒவ்வொரு கேபினும் ஒவ்வொரு தடவையும் பரீட்சை எழுதித் தேறித்தான் வெளியே வருகிறது.

ரோப்பை விட்ட கேபினை நகர்த்துவது தலைக்கு மேலே வரிசையாக இருக்கும் ரப்பர் டயர்கள். மோட்டார் பைக் டயர் மாதிரி காற்று அடைத்தவை. நுழைவாயில் பக்கம் ஒவ்வொரு டயரும் முந்தையதைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றி கேபினின் வேகத்தைக் குறைக்கும். மறுபக்கம் கூட்டும். ரோப் நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறது என்றால், ஏறுமிடத்தில் கேபின் நொடிக்குக் கால் மீட்டர் அளவில்தான் ஊரும். பல ஸ்டேஷன்களில் டயர்களுக்கென்று தனி மோட்டார் இருக்காது. ஓடுகிற ரோப்பிலிருந்தே சுழற்சியை எடுத்து, பெல்ட் மூலம் ஒரு டயரிலிருந்து அடுத்ததற்குக் கடத்துவார்கள். ரோப் மெதுவானால் டயரும் அதே விகிதத்தில் மெதுவாகும்.

கோளாறு பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான். ஒரு டயரில் காற்று இறங்கினால் அது கேபினின் தகட்டைச் சரியாகக் கவ்வாது, வழுக்கும். கேபின் ஒன்றிரண்டு நொடி பிந்தும். பின்னால் வருவது நெருங்கிவிடும். ஸ்டேஷனைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு கேபின்தான் என்று கணக்கு வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கு பிசகினால் உடனே லைன் நிற்கும். நிற்காவிட்டால் கேபின்கள் மோதிக் குவியும். அதனால்தான் இரவில் கடைசிப் பயணி இறங்கிய பிறகு முதல் வேலையாக டயர்களைப் பார்ப்போம். தேய்மானம், காற்றழுத்தம், பெல்ட்டின் இறுக்கம். ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்க்காமல் இதைத் தெரிந்துகொள்ள முடியாது. மழை பெய்தால் ஈர ரோப்பும் ஈரக் கேபினும் உள்ளே வரும், வழுக்கல் கூடும். ஃபுளோரிடாவிலும் அப்படித்தான் இருக்கும்.

எவ்வளவு பேரை ஏற்றும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார். ஸ்கைலைனர் கேபினில் 10 பேர் வரை உட்காரலாம். 12 நொடிக்கு ஒரு கேபின் என்று வைத்தால் மணிக்கு 300 கேபின், 3,000 பேர். 50 பேர் ஏறும் பஸ் 20 நிமிடத்துக்கு ஒன்று வந்தால் மணிக்கு 150 பேர்தான். நடப்பில் 3,000 வராது. 4 பேர் கொண்ட குடும்பம் தனியாக ஒரு கேபினில் ஏறிக்கொள்ளும், பாதிக்கு மேல் காலியாகப் போகும். வரிசை நீளமாக இருக்கும்போது ஊழியர்கள் சேர்த்து ஏற்றச் சொன்னால் சித்தப்பா மறுக்காமல் இடம் கொடுக்கட்டும். இருந்தாலும் இதில் எனக்குப் பிடித்தது எண்ணிக்கை அல்ல. பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டும். இங்கே தவறவிடுவதற்கு எதுவும் இல்லை, அடுத்தது கண்ணெதிரே வந்துகொண்டே இருக்கும்.

அப்பத்தா ஏறுவது பற்றி. கேபின் ஊர்வது அவர் கோயில் பிரகாரம் சுற்றுகிற வேகத்தில் பாதிகூட இருக்காது. தரையும் கேபின் தளமும் ஏறத்தாழ ஒரே மட்டம். நேராகக் குறுக்கே கால் வைத்தால்தான் தடுமாறும். கேபின் போகிற திசையிலேயே கூடவே 2 அடி நடந்து, கதவோரக் கம்பியைப் பிடித்து, கேபின் பக்கத்துக் காலை முதலில் வைக்க வேண்டும். கைப்பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் முன்னால் ஏறுகிறவர் கையில் இருக்கட்டும். முழங்கால் வலி இருக்கிறது என்பதை ஊழியரிடம் வரிசையில் நிற்கும்போதே சொல்ல வேண்டும். வாசலுக்கு வந்த பிறகு சொன்னால் அவர் அவசரமாக நிறுத்துவார், முன்பே சொன்னால் வேகத்தைக் குறைத்துப் பக்குவமாக ஏற்றுவார்.

நடுவானில் கேபின் நின்றால் பெரும்பாலும் காரணம் இதுதான், தம்பி. ரோப் ஒன்று. எங்கோ ஒரு ஸ்டேஷனில் ஒரு பாட்டியம்மா தடுமாற, ஊழியர் பொத்தானை அழுத்த, அந்த லைனில் தொங்குகிற அத்தனை பேரும் நிற்பார்கள். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் கிளம்பிவிடும். கரண்ட் போனாலும் டீசல் எஞ்சின் இருக்கும், மெதுவாக இழுத்து எல்லோரையும் ஸ்டேஷனில் சேர்த்துவிடலாம். கதவைத் தள்ளிப் பார்ப்பது, கேபினை ஆட்டுவது இரண்டும் கூடாது.

ஏசி கிடையாது. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. தொங்குகிற கேபினுக்குக் கரண்ட் கொடுக்க வயர் இல்லை. பேட்டரி வைத்தால் எடை கூடும், ஸ்டேஷனில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் சார்ஜும் ஏற வேண்டும். அதனால் கேபினில் காற்றுத் திறப்புகள் வைத்து விட்டுவிடுகிறார்கள். ஓடும்போது நன்றாகவே காற்று வரும். நிற்கும்போது புழுங்கும். சிங்கப்பூரில் வருஷம் முழுக்க வெக்கை, ஆனாலும் 1974 பிப்ரவரியிலிருந்து கேபிள் கார் ஓடுகிறது, மக்கள் ஏறத்தான் செய்கிறார்கள். அப்பத்தாவுக்கு ஒரு விசிறியும் தண்ணீரும் போதும்.

மழைக்கு நிற்காது. நிறுத்துவது மின்னலும் பலத்த காற்றும். இங்கே ஆண்டில் ஏறக்குறைய 170 நாள் இடி இடிக்கும். மின்னல் எச்சரிக்கை என்றால் விளையாட்டுத் திடல்களில்கூட விளக்கு சுழன்று ஒலி எழுப்பும், பையன்கள் பந்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். கேபிள் காரில் நாங்கள் முதலில் செய்வது ஆள் ஏற்றுவதை நிறுத்துவது, ரோப்பை அல்ல. ரோப் ஓடிக்கொண்டே இருக்கும், வழியில் இருப்பவர்கள் இறங்கி முடிப்பார்கள். ஒன்றரை கி.மீ. லைன் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 5 நிமிடத்தில் காலியாகிவிடும். பிறகுதான் நிறுத்தம். ஃபுளோரிடாவில் கோடைப் பிற்பகல்களில் இடிமழை வழக்கம், அக்டோபரில் குறையும். எதற்கும் காலையிலேயே ஸ்கைலைனரில் போய்விடுவது நல்லது. வானம் கறுத்தால் திரும்பிவர பஸ் இருக்கிறதா என்று சித்தப்பா முன்கூட்டியே விசாரித்து வைக்கட்டும்.

இங்கே பழைய ஆட்கள் 29.1.1983 என்ற தேதியை மறப்பதில்லை. எனிவெட்டாக் என்ற எண்ணெய்த் துளையிடும் கப்பலின் உயரமான கோபுரம் ரோப்பில் மாட்ட, 2 கேபின்கள் கடலில் விழுந்தன. 7 பேர் இறந்தார்கள். மற்ற கேபின்களில் சிக்கிய 13 பேரை இரவோடு இரவாக ஹெலிகாப்டரில் மீட்டார்கள். அப்போது தப்பு ரோப்பிலோ கிரிப்பிலோ இல்லை, அடியில் கப்பல் போகும் வழியில் இருந்தது. ஆர்லாண்டோவில் லைனுக்குக் கீழே இருப்பது ஏரியும் சாலையும் மரங்களும். கப்பல் வராது.

ரோப்பைப் பற்றி ஒன்று, இது உன் படிப்புக்கு. அது முடிவில்லாத வளையம், 2 நுனிகளையும் பின்னிச் சேர்த்திருப்பார்கள். முடிச்சும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. ரோப்பின் விட்டத்தைப் போல் 1,200 மடங்கு நீளத்துக்குப் பின்னல் இருக்க வேண்டும் என்பது விதி. 50 மி.மீ. ரோப் என்றால் 60 மீட்டர். ரோப்பில் 6 புரிகள், அவற்றுக்கு நடுவே ஒரு கரு. ஒவ்வொரு புரியின் நுனியையும் வேறு வேறு இடத்தில், அங்கே இருக்கும் கருவை எடுத்துவிட்டு உள்ளே நுழைப்பார்கள். கைதேர்ந்தவர் பின்னினால் எங்கே சேர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா என்று காந்தக் கருவியை மாட்டி ரோப்பை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். பழனியில் மாதம் ஒரு நாளும் வருஷத்துக்கு ஒரு தடவை நீண்ட நாளும் ரோப் காரை நிறுத்துகிறார்களே, பக்தர்கள் சலித்துக்கொள்வார்கள். இனி யாராவது சலித்துக்கொண்டால் நீ எடுத்துச் சொல்.

சித்தப்பா மகனிடம் ஒரு உதவி கேள். கரீபியன் பீச் ஸ்டேஷனில் கேபின் நுழையும்போது மேலே நெம்புகோல் அழுந்துவதை போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல். முடிந்தால் வெளியேறுகிற பக்கமும். இங்கே எல்லோரும் பார்க்கக் காத்திருக்கிறோம்.

அம்மாவிடம் இந்த மாதப் பணம் வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன் என்று சொல். அப்பத்தாவுக்கு ஊருக்குக் கிளம்பும் முன் முழங்காலுக்கு டாக்டரிடம் காட்டிவிடு, செலவு நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்