ஆவுளியா பற்றி மன்னாருக்கு ஒரு கடிதம்

திருகோணமலை

அன்பின் சவேரி,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. கூரை வேலை முடிந்தது சந்தோஷம். எனக்கு ஓய்வு கிடைத்து நாலு மாதமாகிறது. காலையில் கோணேசர் மலைக்கு நடந்து போய் வருகிறேன்.

உங்கள் கரையில் வலைபட்டுச் செத்த ஆவுளியாவை, அதுதான் கடற்பசுவை, கண்டதாக எழுதியிருந்தாய். இரண்டு நாளாக அதே நினைப்பு. அது மீன் இல்லையே, நுரையீரலால் மூச்சு விடுகிறது. சில நிமிடத்துக்கொரு தடவை மேலே வந்தாக வேண்டும். வலை பிடித்து வைத்துக்கொண்டால் மூச்சு முட்டித்தான் சாகும்.

திமிங்கிலம் வருகிற எங்கள் கடலில் அது ஏன் இல்லை என்று பேத்தி கேட்டாள். இங்கே துறைமுகத்து வாசலிலேயே கடல் கிடங்காய் இறங்கிவிடுகிறது. ஆவுளியாவுக்கு வெயில் அடிவரை விழுகிற ஆழங்குறைந்த தண்ணீரும், அதில் வளரும் கடற்புல்லும் வேண்டும். நாளுக்கு 30, 40 கிலோ புல் மேயும். அந்த மேய்ச்சல் நிலம் உங்கள் மன்னார்ப் பக்கத்தில்தான் இருக்கிறது. கந்தளாய் றோட்டில் நாம் பார்க்கிற யானைக்கு ஆவுளியா தூரத்துச் சொந்தம் என்றேன், பிள்ளை நம்பவேயில்லை. இரண்டுக்கும் பால் மடி முன்னங்காலுக்குப் பக்கத்தில்தான்.

ஆவுளியா 70 வருடம் வரை வாழும். தந்தத்தை அறுத்துப் பார்த்தால் மரத்தில் போல வருட வளையம் தெரியுமாம். நீ கண்டது, நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் தாயோடு திரிந்த கன்றாகவும் இருந்திருக்கலாம். ஒரு வருடத்துக்கும் மேலே சுமந்து ஒரேயொரு கன்று போடும். அடுத்ததற்கு 3 முதல் 7 வருடம் செல்லும். ஒரு தாய் போனால் அந்த இடம் நிரம்ப எத்தனை காலம் வேண்டும், யோசித்துப் பார்.

ஒன்று சொல்ல வேண்டும். 1976 விடுமுறையில் உங்கள் வீட்டில் ஆவுளியா இறைச்சிக் கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றேன். 1970இலேயே இலங்கையில் அதைப் பிடிப்பதற்குத் தடை வந்துவிட்டதென்று அப்போது தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அக்கரையில் 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீற்றரை ஆவுளியாவுக்கென்றே ஒதுக்கினார்கள். வலையில் பட்டதை உயிரோடு விடுகிற மீனவருக்கு வெகுமதியும் கொடுக்கிறார்கள். வலை அறுந்தால் அன்றைய பிழைப்பும் போகுமே, அதனால் எனக்கு அது சரியான வழியாகத் தெரிகிறது.

உன் மருமகன் திருக்கை வலை போடுகிறவன்தானே? புல்லுள்ள இடத்தில் விரிக்க வேண்டாமென்று சொல். தப்பித் தவறிப் பட்டால் யோசிக்காமல் வலையை அறுத்து விடட்டும். அந்த வலைக்காசை நான் தருகிறேன், உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு வரும்போது அவனோடு நேரிலும் கதைக்கிறேன்.

அன்புடன்,
கணேசன்