ஒரு சொல்லுக்கு இரண்டு விடை: ஏழாம் வகுப்பு மதிப்பெண் திருத்தம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் 'சாங்ஷன்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தோம். விடைக்குறிப்பில் 'அதிகாரபூர்வ ஒப்புதல்' என்று மட்டுமே இருந்ததால், 'தண்டனை', 'தடை' என்று எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. ஒரு மாணவி அகராதியோடு என் அறைக்கே வந்துவிட்டாள். அவள் சொன்னதுதான் சரி. சொல்லைத் தனியாகக் கேட்காமல் வாக்கியத்தில் வைத்துக் கேட்டிருக்க வேண்டும். தவறு எங்களுடையது.

'கடன் சாங்ஷன் ஆகிவிட்டது' என்று நாமே பேசுகிறோம். அங்கே அது ஒப்புதல். 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக ஐ.நா. சபைக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கம் விதித்த பொருளாதாரத் தடைகளுக்கும் இதே பெயர்தான்.

ஒரே சொல் எப்படி இரண்டு பக்கமும் போனது? இதன் வேர், புனிதமாக்குதல், மீற முடியாதபடி நிலைநாட்டுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினைச்சொல். 'செயின்ட்' (புனிதர்), 'சாங்சுவரி' (புனித இடம், புகலிடம்) எல்லாம் அதே குடும்பம். ரோமானியச் சட்டத்தில், மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் பகுதியை 'சாங்க்டியோ' என்றார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இதற்குச் சட்டம், ஆணை என்றுதான் பொருள். புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் தன் மகளும் ஆட்சிக்கு வர வழிசெய்து 1713இல் பிறப்பித்த 'பிராக்மாட்டிக் சாங்ஷன்' அப்படிப்பட்ட ஆணைதான். ஆணை என்றால் ஒன்றை உறுதியாக்கவும் வேண்டும், மீறியவரைத் தண்டிக்கவும் வேண்டும். அப்புறம் இரண்டும் தனித்தனிப் பொருளாகப் பிரிந்துவிட்டன. தமிழில் 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது, இன்று கெட்ட வாடை மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. சாங்ஷன் இரண்டையும் விடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் இதுவும் ஒன்று.

வீட்டில் சொல்லிக்கொடுக்க ஒரு குறிப்பு: பன்மையில் 'சாங்ஷன்ஸ்' என்று வந்தால் பெரும்பாலும் தடை, வினையாக வந்தால் பெரும்பாலும் ஒப்புதல். ஆனாலும் முழு வாக்கியத்தையும் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

திருத்திய விடைத்தாள்கள் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும். இரண்டு பொருளில் எதை எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண் உண்டு. பார்த்துக் கையொப்பமிட்டு அனுப்புங்கள். இந்தக் கேள்விக்காக உங்கள் பிள்ளை திட்டு வாங்கியிருந்தால், அவர்கள் எழுதியது சரிதான் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்