'வழங்கப்பட்டது' என்று எழுதும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகர விரிவாக்கம் குறித்துச் சென்ற ஞாயிற்றுக்கிழமை வெளியான தலையங்கத்தில், "இழப்பீடு வழங்கப்பட்ட பின்னரும் நிலத்தை விட மனமின்றி நீதிமன்றப் படியேறுவோரால் திட்டங்கள் முடங்குகின்றன" என்று ஒரு வாக்கியம் வருகிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கள் நாளிதழை வாங்கிவரும் வீடு எங்களுடையது. பார்வை மங்கிவிட்ட என் தாயாருக்குத் தினமும் காலையில் தலையங்கத்தை வாசித்துக் காட்டுவேன். அன்று அந்தப் பக்கத்தை வாசிக்காமல் புரட்டிவிட்டேன்.

எங்கள் குடும்பத்துக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரிப் பாசனத்தில் 1 ஏக்கர் 62 சென்ட் நன்செய் இருந்தது. குடியிருப்புத் திட்டம் ஒன்றுக்காக 1991இல் 4(1) அறிவிக்கை, அதாவது நிலத்தை எடுக்கப்போவதாக அரசு வெளியிடும் முதல் அறிவிப்பு, வந்தது. 1994 ஜூனில், அவார்டு என்று எல்லோரும் சொல்லும் தீர்வம், அதாவது இழப்பீட்டைத் தீர்மானிக்கும் ஆணை, பிறப்பித்தார்கள். சென்ட் ஒன்றுக்கு 480 ரூபாய். அந்தப் பணத்தை வாங்க என் தந்தையார் மறுக்கவில்லை. அவருக்கும் சித்தப்பாவுக்கும் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். உரிமையில் தகராறு இருந்தால் பணத்தை நீதிமன்றத்தில் செலுத்த வேண்டும் என்பது 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவு. அதையும் செய்யாமல் கருவூலத்தில் வருவாய் வைப்பு என்ற அரசுக் கணக்கில் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து ஒரு ரூபாய்கூட இன்றுவரை எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. இதைத்தான் தலையங்கம் 'வழங்கப்பட்ட இழப்பீடு' என்கிறது.

தாங்கள் அறியாததல்ல. தீர்வம் பிறப்பித்து ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் நிலத்தின் உடைமை எடுக்கப்படாமல் இருந்தாலோ இழப்பீடு கொடுக்கப்படாமல் இருந்தாலோ, பழைய சட்டத்தின் கீழ் நடந்த நில எடுப்பு காலாவதியாகும் என்றது, அதற்குப் பதிலாக வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24(2) பிரிவு. கருவூலத்தில் போட்டுவைத்த பணம் கொடுத்த பணம் ஆகாது என்று 2014 ஜனவரி 24 அன்று புனே மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அதை நம்பி நாங்கள் ரிட் மனு தாக்கல் செய்தோம், 2016இல் வென்றோம். 2017இல் தந்தையார் காலமானபோது நிலம் திரும்பிவிட்டது என்ற நினைப்போடுதான் கண்ணை மூடினார். பிறகு 2020 மார்ச் 6 அன்று இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தார்கள். சட்டத்தில் உள்ள 'அல்லது' என்ற சொல்லை, இரண்டும் நடக்காமல் இருந்தால்தான் காலாவதி என்ற பொருளில் படிக்க வேண்டும் என்றார்கள். உடைமை எடுத்ததற்கு மகஜர், அதாவது சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு, எழுதியிருந்தாலே போதும், அதற்குப் பிறகு நிலத்தில் இருப்பவர் அத்துமீறி இருப்பவரே என்றும் சொன்னார்கள். 2022இல் மேல்முறையீட்டில் எங்கள் தீர்ப்பு ரத்தானது.

தீர்ப்பு தீர்ப்புதான், அதற்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் அந்தத் தீர்ப்புகூட, கருவூலத்தில் கிடக்கும் பணத்தை நிலத்துக்காரர் பெற்றுக்கொண்டார் என்று சொல்லவில்லை. அந்தக் காரணத்துக்காக நில எடுப்பு காலாவதியாகாது என்றுதான் சொன்னது. நீதிபதிகள் சொல்லத் துணியாததைத் தங்கள் தலையங்கம் எங்கள் தலையில் ஏற்றிவிட்டது.

அந்த மகஜரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1994 அக்டோபர் 7, வெள்ளிக்கிழமை, நிலத்தின் உடைமை எடுக்கப்பட்டதாக ஒரே ஒரு தாள். பயிர் என்ற இடத்தில் 'தரிசு' என்று எழுதியிருக்கிறது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் எங்கள் ஊர்க்காரர்கள் அல்ல. அதே நாளுக்கு என் தந்தையாரின் கணக்கு நோட்டில் "நடவு ஆள் 14, ஆளுக்கு 18 ரூபாய், வெற்றிலை பாக்கு 9 ரூபாய்" என்று பென்சிலில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தோடு கூடிய பசலி 1404 (1994-95) அடங்கலில், அதாவது ஊரின் பயிர்க் கணக்கில், அந்தப் புல எண்ணுக்கு நேரே சம்பா நெல் என்று இருக்கிறது. பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்த வயலை யார் வந்து எப்போது தரிசாகப் பார்த்தார்கள் என்பதை எந்த நீதிமன்றத்திலும் எங்களால் கேட்க முடியவில்லை. உடைமை எடுத்த முறையை 24(2) பிரிவைக் கொண்டு இப்போது கிளற முடியாது என்பதும் இந்தூர் தீர்ப்பிலேயே அடங்கியிருக்கிறது.

கோபம் இந்த ஒரு தலையங்கத்தோடு நிற்கவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அதே அறிவிக்கையில் அடங்கிய அடுத்த வயல்காரர், கூடுதல் இழப்பீடு கேட்டு 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி சார்பு நீதிமன்றம் சென்றார். 2003இல் சென்ட்டுக்கு 2,100 ரூபாய் கிடைத்தது. ஒருவருக்கு இழப்பீடு உயர்ந்தால், அதே அறிவிக்கையில் அடங்கிய மற்றவர்களும் மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்து அந்த உயர்வைக் கேட்கலாம் என்பது அதே சட்டத்தின் 28-ஏ பிரிவு. அந்த மூன்று மாதம் நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து அல்ல, தீர்ப்பு நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். தங்கள் நாளிதழ் அந்தத் தீர்ப்பை நான்கு வரிச் செய்தியாக வெளியிட்டது. ஊர்ப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. நானே வாசித்துவிட்டு, யாருக்கோ என்று கடந்துபோனேன். அது எங்கள் பக்கத்து வரப்பு என்று தெரிந்தபோது பொங்கலும் கழிந்து காலக்கெடுவும் முடிந்திருந்தது.

நிலத்துக்காரர் பக்கம் நியாயம் கிடைக்கும் தீர்ப்புகளுக்குத் தங்கள் இதழில் இடம் குறைவாகவே இருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தில் 1967-68இல் சாலைக்காக நிலம் பறிக்கப்பட்டு இழப்பீடே பெறாத, எழுதப் படிக்கத் தெரியாத எண்பது வயது மூதாட்டிக்கு 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. குடிமக்களின் நிலத்தை, நெடுநாள் அனுபவத்தால் வரும் உரிமையான அனுபவ பாத்தியம் என்று சொல்லி அரசு தனதாக்கிக்கொள்ள முடியாது என்றும் கூறியது. பெங்களூரு–மைசூரு சாலைத் திட்டத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு, 2003ஆம் ஆண்டு விலையில் அல்ல, 2019ஆம் ஆண்டு விலையில் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 2 அன்று தீர்ப்பு வந்தது. அவற்றை நான் தங்கள் இதழின் உள்பக்க மூலைகளில்தான் தேடிப் படித்தேன்.

நான் கேட்பது இரண்டுதான். பணம் கருவூலத்தில் இருக்கும் வழக்குகளில் "இழப்பீடு கருவூலத்தில் வைக்கப்பட்டுள்ளது" என்று எழுதுங்கள். கீழமை நீதிமன்றங்கள் நில இழப்பீட்டை உயர்த்திய செய்தியை வெளியிடும்போது கிராமத்தின் பெயர், அறிவிக்கை ஆண்டு, தீர்ப்புத் தேதி மூன்றையும் சேர்த்துப் போடுங்கள்; 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73ஆவது பிரிவிலும் அதே மூன்று மாதக் கெடு இருப்பதால், ஒரு வரி கூடுதலாக எழுதினால் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவும்.

மகஜர், அடங்கல், தந்தையாரின் நோட்டில் அந்த ஒரு பக்கம் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
செங்கல்பட்டு மாவட்டம்